பெல்லட் கிரில்: சீரான சூடு வேண்டுமா, புகை மணம் வேண்டுமா?

மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில் அடுப்பை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை கோழி அடுக்கலாம், என்ன விலை, போனிலிருந்தே சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்பதைத்தான். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது கம்பித் தட்டுக்கு அடியில், அதற்கும் கீழே உள்ள தகட்டைத் தூக்கினால் தெரிகிற ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தை. அமெரிக்கக் கொல்லைப்புறத்தில் ராத்திரி முழுக்க ஆளே பக்கத்தில் இல்லாமல் ஒரு பிரிஸ்கெட் வேகிறது என்றால், அதாவது மாட்டின் முன்மார்பிலிருந்து வெட்டிய அந்தக் கெட்டி இறைச்சி வேகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தக் கிண்ணத்துக்குள் எரியும் சின்னத் தீதான். அந்தத் தீ எவ்வளவு சுத்தமாக எரிகிறதோ அவ்வளவு சீராக இருக்கும் சூடு, அவ்வளவு குறையும் புகை மணம். இந்த இரண்டில் எது தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகிவிட்டால் எந்த கிரில் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தக் கருவி சமையலறையில் பிறந்ததல்ல. 1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது, மரம் அறுக்கும் ஆலைகள் நிறைந்த அமெரிக்க வடமேற்கில், குவிந்து கிடந்த மரத்தூளை அழுத்தி உருளையாக்கி வீட்டைச் சூடேற்றும் அடுப்புகளில் எரிக்க ஆரம்பித்தார்கள். ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் வீட்டுச் சூடேற்றித் தொழில் நடத்திவந்த ட்ரேகர் குடும்பத்தின் ஜோ ட்ரேகர், 1985 வாக்கில் அதே உருளைகளை வைத்து இறைச்சி சமைக்கும் கிரில் ஒன்றை உருவாக்கி, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காப்புரிமை 2006-இல் முடிந்தது. அதுவரை ஏறக்குறைய ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த சந்தைக்குள் அப்புறம்தான் கேம்ப் செஃப், பிட் பாஸ், யோடர், ரெக்டெக், பின்னர் வெபர் என்று வரிசையாக வந்தார்கள். இன்று கடையில் நின்று குழம்புகிற அளவுக்கு இத்தனை வகை இருப்பது அதனால்தான்.

பெல்லட் என்பது பார்வைக்கு மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும் குச்சித் தீவனம் போலவே இருக்கும், சுமார் 6 மில்லிமீட்டர் குறுக்களவு, ஓரிரு சென்டிமீட்டர் நீளம். உலர்த்திய மரத்தூளைத் துளையிட்ட அச்சு வழியாகப் பெரும் அழுத்தத்தில் தள்ளும்போது, உராய்வில் ஏறும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறியதும் இறுகி, தூளைப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே. விறகுக் கட்டையில் ஒன்று ஈரமாக இருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும், ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. ஆனால் பெல்லட் எல்லாம் ஒரே மாதிரி. கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் மணி ஆற்றல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு எத்தனை உருளை விழுகிறது என்பதை ஒரு மோட்டார் தீர்மானித்தால் எவ்வளவு சூடு பிறக்கும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. விறகை வைத்து இதைச் செய்யவே முடியாது.

பக்கத்தில் ஒரு தொட்டி, ஹாப்பர் என்பார்கள், அதில்தான் பெல்லட்டைக் கொட்ட வேண்டும். அதன் அடியில் ஆகர் என்ற திருகுத்தண்டு மெதுவாகச் சுழன்று உருளைகளைக் கிண்ணத்துக்குள் தள்ளும். கிண்ணத்தில் செருகியிருக்கும் மின்சாரக் கம்பி பழுக்கச் சூடாகி முதல் சில நிமிடங்களில் தீயைப் பற்றவைக்கும், பற்றியதும் அதன் வேலை முடிந்தது. ஒரு மின்விசிறி விடாமல் காற்று ஊதும். தீக்கு மேலே ஒரு தகடு, அதற்கு மேல் கொழுப்பு வழிந்தோடும் சாய்வுத் தட்டு, அதற்கும் மேலேதான் இறைச்சி. ஆக, தீ நேராக இறைச்சியைத் தொடுவதில்லை, தகட்டில் மோதிப் பரவும் சூடான காற்றுதான் வேகவைக்கிறது. குறைந்த சூட்டில் மணிக்கு அரைக் கிலோ பெல்லட் போதும், சூட்டை ஏற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் தின்னும்.

சரி, சூடு சரியாக இருக்கிறதா என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உள்ளே பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் பிளாட்டினத்தால் ஆன ஒரு மின்தடை இருக்கும். பல கிரில்களில் அது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் 1000 ஓம் காட்டும். சூடு ஏற ஏற, டிகிரிக்குக் கிட்டத்தட்ட 3.85 ஓம் வீதம் கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் தடையை அளந்து சூட்டைக் கண்டுகொள்கிறது.

கண்டுகொண்டபின் என்ன செய்கிறது என்பதில்தான் பழைய கிரில்லுக்கும் புதிய கிரில்லுக்கும் பெரிய வித்தியாசம். பழையவற்றில் குறைந்த சூட்டில் ஆகர் கால் நிமிடம் ஓடும், ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நிற்கும், திரும்ப ஓடும், அவ்வளவுதான். வெளியே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதே தாளம். சூடு இறங்கியதும் பெல்லட்டைக் கூட்டும்படி செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு: கிண்ணத்தில் விழுந்த பெல்லட் உடனே சூடாக மாறாது. பற்றி, எரிந்து, அந்தச் சூடு காற்றில் பரவி உணரியை எட்டச் சில நிமிடங்கள் ஆகும். மூடியைத் திறந்தீர்கள், சூடு இறங்கியது, இயந்திரம் பதறிப்போய் பெல்லட்டைக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியை மூடிய பிறகு அத்தனையும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, கேட்ட சூட்டைத் தாண்டி முப்பது நாற்பது டிகிரி மேலே போய்விடும்.

இதற்கு மருந்துதான் பிஐடி கட்டுப்பாடு. இதன் கோட்பாட்டை 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பல்களைத் தானாகத் திசை பிடிக்கவைக்க எழுதினார். நல்ல மாலுமி கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தே சுக்கானைத் திருப்புகிறார் என்பதை அவர் கணக்காக்கினார். கிரில்லிலும் அதே மூன்று கேள்விகள். கேட்ட சூட்டுக்கும் இருக்கும் சூட்டுக்கும் இப்போது எவ்வளவு இடைவெளி? அந்த இடைவெளி சேர்ந்து சேர்ந்து எவ்வளவு ஆயிற்று? எந்த வேகத்தில் மாறுகிறது? மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சூடு வேகமாக ஏறுகிறது என்று தெரிந்ததும் இலக்கைத் தொடும் முன்பே பெல்லட்டைக் குறைக்கச் சொல்வது அதுதான். மூடியைத் திறந்து மூடினாலும் பெரிய ஆட்டம் இல்லாமல் நல்ல பிஐடி கிரில் சூட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இங்கேதான் புகை போய்விடுகிறது. மரம் சூடாகும்போது முதலில் ஈரம் போகும், அப்புறம் மரத்தின் செல்லுலோஸ், லிக்னின் எல்லாம் உடைந்து வாயுக்களாக வெளிவரும். நாம் தீ என்று பார்ப்பது அந்த வாயுக்கள் எரிவதைத்தான். காற்றும் சூடும் தாராளமாகக் கிடைத்தால் அவை முழுக்க எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிவிடும். கொஞ்சம் குறைந்தால் எரியாமல் தப்பிப்பவைதான் புகை. நாம் விரும்பும் மணம் தருகிற குவாயகால், சிரிங்கால் இரண்டும் லிக்னின் உடைவதில் பிறப்பவை. ஓக், ஹிக்கரி போன்ற மரங்கள் இரண்டையும் தாராளமாகத் தரும். காற்று மிகவும் குறைந்து தீ திணறினால் வெள்ளையாகத் திரண்டு வரும் புகை இறைச்சியில் கசப்பாகப் படியும். சமையலுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய நீலப் புகை.

பெல்லட் கிரில்லில் சின்னத் தீ, காய்ந்த எரிபொருள், விடாமல் ஊதும் விசிறி. அதனால் கசப்புப் புகை வர வாய்ப்பே குறைவு, ஆனால் நல்ல புகையும் குறைவு. டெக்சஸில் அடுப்பின் பக்கவாட்டில் இணைந்த தனிப் பெட்டியில் ஓக் கட்டைகளை எரித்து இரவெல்லாம் விழித்திருந்து சமைப்பவர்கள் பெல்லட் கிரில்லின் மணம் போதாது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. 107 டிகிரி செல்சியஸில், அதாவது அங்கே எல்லோரும் சொல்லும் 225 ஃபாரன்ஹீட்டில், ஓரளவு புகை கிடைக்கும். 180 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிவிட்டால் ஏறக்குறைய விறகுத் தீயில் இயங்கும் ஓவன் என்றே சொல்லிவிடலாம். இதைச் சரிக்கட்டச் சில கிரில்களில் புகை அளவுக்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: தீயை வேண்டுமென்றே கொஞ்சம் தணியவிட்டுத் திரும்ப எழுப்பும். ஒவ்வொரு முறை தணியும்போதும் எழும்போதும் கொஞ்சம் வாயு எரியாமல் தப்பிப் புகையாகும். அதற்கு விலை, சூடு மேலும் கீழும் ஆடும். பெரிய இறைச்சித் துண்டுக்கு அந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை, அதன் நிறை அதைத் தாங்கிக்கொள்ளும். கேக்கோ ரொட்டியோ வைத்தால் பொருட்டுதான்.

வெட்டிய பிரிஸ்கெட்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் புகை மணத்தின் சான்றாக நினைக்கிறவர்கள் நிறைய. அது தீயில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஈரமான மேற்பரப்பில் கரைந்து, இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினோடு பிணைந்து நிறத்தை நிலைநிறுத்துவது. அந்த வளையத்துக்குச் சுவையில்லை. பெல்லட் கிரில்லில் வளையம் அருமையாக வரும், மணம் மிதமாகவே இருக்கும். புகை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்றால் இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு, மேலே ஈரத்தோடு, குறைந்த சூட்டில் முதல் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை அதிகம் படியும்.

இறைச்சியின் உள்ளே சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும்போது கிரில் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், உள்ளே வரும் சூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது, நம் உடம்பை வியர்வை குளிர்விக்கிறதே, அதே கணக்கு. விசிறிக் காற்று இந்த ஆவியாதலை இன்னும் தூண்டும். பொறுத்திருந்தாலும் சரி, தாளில் சுற்றிவிட்டாலும் சரி, அது தாண்டும். 95 டிகிரி வாக்கில்தான் இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் போதுமான அளவு ஜெலட்டினாக மாறி இறைச்சி பஞ்சாகிறது. இவ்வளவு நீண்ட சமையலை ராத்திரி தூங்கிக்கொண்டே நடத்த முடிவதுதான் பெல்லட் கிரில்லின் உண்மையான பலம். நிம்மதியாகத் தூங்க முடியாத கிரில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஸ்டேக் கதை வேறு. மேலே கருகலான பொன்னிறம் வேகமாக வர வேண்டும் என்றால் கம்பித் தட்டு 230 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தீயால் அது கஷ்டம். அதனால்தான் கேம்ப் செஃப், பிட் பாஸ் கிரில்கள் சிலவற்றில் நடுவில் இருக்கும் தகட்டை நகர்த்தி நேர் தீயைத் திறந்துவிடலாம். 2024-இல் வந்த வெபர் சியர்வுட் 315 டிகிரி வரை போகும்படி, நேர் தீ இறைச்சிக்கு எட்டும்படியே வடிவமைக்கப்பட்டது.

எஃகின் தடிமனையும் கையால் தட்டிப் பாருங்கள். கான்சஸில் தயாராகும் யோடர் ஒய்எஸ்640 சுமார் 3.4 மில்லிமீட்டர் எஃகில் செய்தது, நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் அந்த நிறை சூட்டைச் சேமித்துவைக்கிறது. காற்றோ குளிரோ அதை எளிதில் அசைப்பதில்லை. மினசோட்டா போன்ற பனி மாநிலங்களில் மெல்லிய தகடு கிரில் பெல்லட்டை அள்ளித் தின்னும், மேலே போர்த்த வெப்பத் தடுப்புப் போர்வை தேவைப்படும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது அவ்வளவு முக்கியமில்லை.

எனக்குப் பிடித்தது எது என்றால் கேம்ப் செஃப் வுட்விண்ட் ப்ரோ என்றுதான் சொல்வேன். பிஐடி கட்டுப்பாடு, ஒன்று முதல் பத்து வரை புகை அளவு, நேர் தீக்குத் திறக்கும் தகடு, கிண்ணத்துச் சாம்பலை வெளியிலிருந்தே கொட்டும் வசதி, இவற்றோடு தனியாக ஒரு சின்னப் புகைப்பெட்டி. அதில் உண்மையான மரக்கட்டைத் துண்டுகளைப் போடலாம். சூட்டைப் பெல்லட் பார்த்துக்கொள்ளும், மணத்தைக் கட்டை பார்த்துக்கொள்ளும். இரண்டு வேலையையும் ஒரே தீயிடம் கேட்காமல் பிரித்துக் கொடுத்ததுதான் அதில் எனக்குப் பிடித்த யோசனை. யோடர் அளவுக்குக் கனமில்லை, அது குறைதான். கடுங்குளிர் ஊரில் இருந்து, ஸ்டேக்கைவிட பிரிஸ்கெட்டும் விலாவும்தான் அதிகம் சமைப்பேன் என்றால் யோடர் பக்கம் போவேன்.

எதை வாங்கினாலும் சில விஷயங்களை விட்டுவிடாதீர்கள். சமையல் முடிந்ததும் மின்சாரத்தை நேராகத் துண்டிக்காமல் அணைக்கும் பொத்தானை அழுத்தி, விசிறி ஓடிக் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்து முடிக்க விடுங்கள், இல்லையென்றால் தீ ஆகர் வழியாகத் தொட்டிப் பக்கம் ஊர்ந்து போகக்கூடும். சில சமையலுக்கு ஒருமுறை சாம்பலை அள்ளுங்கள், கொழுப்புத் தட்டைச் சுரண்டுங்கள். கராஜுக்குள் வைத்து எரிக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். சூடேற்றும் அடுப்புக்கென்று விற்கும் பெல்லட்டில் பிசின் நிறைந்த பைன் போன்ற மரங்கள் இருக்கலாம், அதை உணவுக்கு எரிக்காதீர்கள். உணவுக்கான பையிலும் முன்பக்கம் ஹிக்கரி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள்; பல பைகளில் பெரும்பகுதி ஓக்கோ ஆல்டரோதான், பெயர் சொல்லும் மரம் கொஞ்சம்தான். திறந்த பையை இறுக்கமான மூடி போட்ட வாளியில் கொட்டிவையுங்கள். ஈரம் பட்ட பெல்லட் ஊதித் தூளாகி, ஆகருக்குள் போய்க் கெட்டியாக இறுகிக்கொள்ளும். அதை எடுக்கத் திருகுத்தண்டையே கழற்ற வேண்டிவரும்.