அட்டாக்: ஒரு சொல், மூன்று நான்கு காரியங்கள்

போன மாதம் ஒரு நாள் விடிய ஆறு மணி இருக்கும், வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டி, "அங்கிளுக்கு அட்டாக், கார் எடுக்கேலுமா?" என்று கேட்டார். நான் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க, கட்டிலில் எழும்பி உட்கார்ந்த அம்மம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஆர் அடிச்சது?"

இலங்கையில் தமிழர்களை அடித்த 1958, 1977, 1983 மூன்றையும் அம்மம்மா கொழும்பில் இருந்து பார்த்தவர். அட்டாக் என்றால் அவருக்கு இன்றைக்கும் ஆட்கள் வந்து அடிப்பதுதான். கீழ்வீட்டு அக்காவுக்கு அது நெஞ்சு நோ. அங்கிள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது சுகம். அந்தக் கேள்விதான் எனக்குள் நின்றுவிட்டது, அதனால் இந்தச் சொல்லை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சரி, முதலில் அது எங்கே பிறந்தது? அட்டாக் ஆங்கிலத்துக்கே இரவல் சொல். 1600ஐ ஒட்டிய காலத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, பிரெஞ்சுக்காரர் அதை இத்தாலியரிடம் வாங்கினார்கள். இத்தாலிய மூலச்சொல் 'அத்தக்காரே', அதன் பொருள் ஒட்டுதல், இணைத்தல். 'அத்தக்காரே பத்தாலியா' என்றால் சண்டையில் போய்ப் பொருந்துதல். ஈமெயிலில் ஒரு கோப்பை 'அட்டாச்' பண்ணி அனுப்புகிறோமே, அந்தச் சொல்லும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒட்டுவதற்கும் அடிப்பதற்கும் என்ன உறவு என்று வியக்கத் தேவையில்லை, நாமும் இரண்டு பேர் கைகள் கலந்தால் அதைக் கைகலப்பு என்றுதான் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'தாக்கு' என்ற தமிழ்ச் சொல்தான் 'அட்டாக்' ஆனது என்று வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். ஒலி கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது, ஆனால் ஒலி ஒப்புமை மட்டும் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. இத்தாலியிலிருந்து ஆங்கிலம் வரை அந்தச் சொல் நடந்து வந்த வழி படிப்படியாகத் தெரிகிறது, அதில் தமிழ் எங்கும் இல்லை. தமிழை நேசிக்கிறவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாக்கு தன் காலிலேயே நிற்கிற சொல். திருக்குறளில் 486ஆவது குறள், ஊக்கமுள்ளவன் அடங்கி இருப்பதைச் சண்டைக்கடா மோதுவதற்கு முன்னால் பின்வாங்குவதோடு ஒப்பிடுகிறது: "பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து". 599இல் பெரிய உடம்பும் கூர்மையான கொம்பும் உள்ள யானை கூட "வெரூஉம் புலிதாக் குறின்" என்று வருகிறது. இரண்டிலும் விலங்குகள். ஒரு உடம்பு இன்னொரு உடம்பில் வேகத்தோடு வந்து படுவதுதான் தாக்கின் அடிப்பொருள். அதிலிருந்து தாக்குதல், தாக்கம், எதிர்த்து நின்று தாங்குகிற தாக்குப்பிடித்தல் எல்லாம் கிளைத்தன.

இலங்கையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் தமிழில் படித்தவர்களுக்குத் தாக்கம் வேறு விதமாகவும் பழக்கம். நியூட்டனின் மூன்றாம் விதியில் தாக்கமும் மறுதாக்கமும் வரும். சோதனைக் குழாயில் இரண்டு பொருள்கள் சேர்ந்தால் அது இரசாயனத் தாக்கம், இதையே தமிழ்நாட்டுப் புத்தகங்கள் வேதிவினை என்கின்றன. அதேபோல, 'மனுத் தாக்கல்' என்கிறபோது யாரும் யாரையும் அடிக்கவில்லை. அந்தத் தாக்கல், உள்ளே வருதல் என்று பொருள்படும் 'தாக்கில்' என்ற அரபுச் சொல் உருதுவழியாக வந்தது. தாக்கீதும் அரபுதான். எழுத்தில் ஒரே குடும்பம் மாதிரித் தெரிந்தாலும் இவை அயல்வீட்டுக்காரர்.

அப்புறம் வருத்தங்கள், அதாவது நோய்கள். ஹார்ட் அட்டாக்கை 'இதயத் தாக்குதல்' என்று சிலர் மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன், எனக்கு அது பிடிக்கவே இல்லை. இதயத்தை யாரும் தாக்குவதில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற முடியுரு நாடி அடைபட்டுத் தசை சாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். மாரடைப்பு என்ற சொல் நடந்ததை அப்படியே சொல்கிறது, மார்பு, அடைப்பு. ஆங்கிலச் சொல்லைவிட இது திருத்தமானது, ஆனாலும் அவசரத்தில் எல்லோர் வாயிலும் அட்டாக்தான் வருகிறது. மற்ற வருத்தங்களுக்கும் நம்மிடம் பழைய பெயர்கள் இருக்கின்றன. மூச்சு இழுத்தால் முட்டு, தொய்வு. கைகால் வெட்டி இழுத்தால் வலிப்பு. ஒரு பக்கம் வழங்காமல் போனால் பாரிசவாதம். ஒவ்வொன்றும் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்து வைத்த பெயர்.

மனிதரை மனிதர் தாக்குவதற்கும் அதே மாதிரி நுணுக்கமான சொற்கள் நம்மிடம் உண்டு. அடி, குத்து, வெட்டு, சூடு என்று ஆயுதத்தைப் பொறுத்துச் சொல் மாறும், யாழ்ப்பாணச் செய்திகளில் வாள்வெட்டு என்றால் விளக்கமே தேவையில்லை. இரண்டு பக்கமும் அடித்தால் அடிபிடி, கைகலப்பு, மோதல். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் தாக்குதல். 'அவனில கை வச்சிட்டாங்கள்' என்பது வேறு, 'கை ஓங்கினான்' என்பது வேறு. இந்தக் கடைசி வித்தியாசம் சட்டத்திலும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 342ஆவது பிரிவு தாக்குதலுக்குத் தரும் வரைவிலக்கணத்தின்படி அடி விழ வேண்டிய அவசியமே இல்லை. இப்போதே அடிக்கப்போகிறான் என்று எதிரில் நிற்கிறவர் அஞ்சும்படி சைகை காட்டினாலே போதும்.

இவ்வளவு சொல் வைத்துக்கொண்டு, மிகப் பெரிய அடிகளுக்கு மட்டும் நாம் 'கலவரம்' என்கிறோம். இதுதான் என்னை உண்மையாகவே வருத்துகிற இடம்.

கலவரம் என்பதன் பழைய பொருள் மனக் குழப்பம், பதற்றம். தெலுங்கிலும் 'கலவரமு' என்றால் அதேதான். 'அவள் முகத்தில் கலவரம் தெரிந்தது' என்று இன்றைக்கும் எழுதுகிறோம். சிங்களத்திலும் 'கலபல' என்ற சொல் இரண்டு வேலையும் செய்கிறது, பஸ்ஸில் முண்டியடிக்கிறவரிடம் 'கலபல வெண்ட எபா' என்பார்கள், பதறாதே என்று. 83ஐயும் 'கலபல' என்பார்கள். குழப்பம் என்றால் அதில் எல்லோரும் குழம்பினார்கள் என்று அர்த்தம் வருகிறது. 1983 ஜூலையில் நடந்தது அப்படியா? 24ஆம் தேதி இரவு பொரளையில் தொடங்கி, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடு எது, தமிழ்க் கடை எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம், 27ஆம் தேதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பட்டியல் பார்த்து எரிப்பதிலும் பூட்டிய கூண்டுக்குள் அடித்துக் கொல்வதிலும் என்ன குழப்பம் இருக்கிறது?

எங்கள் ஆட்கள் பயன்படுத்துகிற 'வன்செயல்' இதைவிட மேல். அதில் ஒரு செயல் இருக்கிறது, செயல் என்றால் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும்.

2019ஐப் பாருங்கள். ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் என்று குண்டுகள் வெடித்தன. அன்றைக்கே அதற்குப் பெயர் உயிர்த்த ஞாயிறு தாக்குதல். சிங்களத்தில் 'பாஸ்கு பிரஹாரய', பிரஹாரம் என்றால் அடி. இரண்டு மொழியும் சரியான சொல்லைத்தான் எடுத்தன. மூன்று வாரம் கழித்து மே 13ஆம் தேதி மினுவாங்கொடையில் ஒரு கும்பல் முஸ்லிம்களின் கடைகளை எரித்தபோது, செய்திகளில் வந்த சொற்கள் பதற்றநிலை, அசம்பாவிதம், கலவரம். கடை எரிந்தவருக்கு அது அசம்பாவிதம் இல்லை, தாக்குதல். முஸ்லிம்களை அடித்த 2014 அளுத்கமவுக்கும் 2018 திகனவுக்கும் இதே கதைதான். எரித்தவர்கள் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார்கள், பதற்றம் மட்டும் தானாக வந்து தானாகத் தணிந்தது போல இருக்கிறது.

ஆகவே அட்டாக்குக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் நான் இப்படிப் பிரிப்பேன். நெஞ்சுக்கு மாரடைப்பு. ஆட்கள் வந்து அடித்தால் தாக்குதல், முடிந்தால் எதனால் அடித்தார்கள் என்பதோடு சேர்த்து. இரண்டு கூட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் மோதல். கலவரத்தை முகத்தில் தெரிகிற பதற்றத்துக்கு விட்டுவிடலாம்.

அம்மம்மா 83ஐக் கலவரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எங்களை அடிச்ச நேரம்" என்பார். ஆர் அடிச்சது என்று நான் ஒருமுறை கேட்டேன். எந்த ஒழுங்கையால் வந்தார்கள், முதல் வீடு எது, பெற்றோல் கலனைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என்ன நிறச் சேட் போட்டிருந்தான் என்று வரிசையாகச் சொன்னார்.