கீழே நிற்பவர்களையும் கொஞ்சம் பாருங்கள்

சியர்லீடிங், அதாவது ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்திச் செய்யும் குழு ஆட்டம், ஆடும் பிள்ளைகள் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். அவர்களில் உயரத்திலிருந்து தரையில் விழுந்தவர்கள் குறைவு. உயரத்திலிருந்து வந்தவளின் முழங்கையை முகத்தில் வாங்கியவர்கள்தான் அதிகம். வெளியாட்களுக்கு இது வியப்பாக இருக்கும். எல்லார் கண்ணும் மேலே நிற்கும் ஃப்ளையர் மீதே இருக்கிறது. அவள் பாதங்களைத் தாங்கும் இரண்டு பேஸ்களையும், பின்னால் நின்று கணுக்காலைப் பிடிக்கும் பேக் ஸ்பாட்டையும் யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2009 முதல் 2014 வரை திரட்டிய காயக் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி மற்ற பல விளையாட்டுகளைவிட சியர்லீடிங்கில் காயங்கள் குறைவுதான். ஆனால் பட்ட காயங்களில் பாதிக்கு மேல் ஸ்டண்டில், அதாவது ஆளைத் தூக்கி நிறுத்தும் வித்தையில், பட்டவை. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை கன்கஷன், அதாவது தலை அதிர்ச்சிக் காயம். அடி படுவது அபூர்வம், பட்டால் லேசில் விடாது.

போன வருடம் ஒரு பேக் ஸ்பாட் வந்தாள். பதினாறு வயது. கன்னம் வீங்கியிருந்தது, ஆனால் வந்தது கழுத்து வலிக்காக. தலையில் அடிபட்டதா என்று கேட்டேன். "இல்ல மேம், நான் விழவே இல்ல. க்ரேடில் பிடிக்கும்போது முழங்கை பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாள். க்ரேடில் என்றால் மேலிருந்து இறங்குபவளைக் கைகளில் ஏந்திப் பிடிப்பது. அதற்குப் பிறகு இரண்டு நாள் ப்ராக்டிஸுக்கும் போயிருக்கிறாள். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." நின்றாள். விட்டத்தைப் பார்த்தாள். "ஆகஸ்ட், ஜூலை." செப்டம்பர் விட்டுப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். கன்கஷன்தான்.

அந்த ஸ்டண்டை அவள் தோழி போனில் எடுத்திருந்தாள். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பிள்ளைகள் எல்லாரும் ஃப்ளையரையே பார்த்தார்கள். நான் கால்களைப் பார்க்கச் சொன்னேன். ஃப்ளையரை மேலே விடுவதற்குமுன் பேஸ்கள் இருவரும் ஒன்றாக முழங்காலை மடக்கி எழ வேண்டும். இடப்பக்கத்துப் பேஸ் அரை எண்ணிக்கை முந்திவிட்டாள். ஒரு பாதம் முதலில் எழும்பியது, ஃப்ளையர் காற்றில் சாய்ந்தாள், சாய்ந்தவள் எதையாவது பற்றிக்கொள்ளக் கையை வீசினாள். அந்தக் கையின் முழங்கைதான் இந்தக் கன்னத்தில் இறங்கியது. கையை வீசியவளைத் திட்டிப் பயனில்லை. விழப்போகும் உடம்பு கையை வீசத்தான் செய்யும்.

அதனால் டெக்னிக் பற்றிக் கேட்கும் கோச்சுகளிடம் நான் முதலில் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி. யார் எண்ணுகிறார்கள்? குழுவில் ஒருவர்தான் எண்ண வேண்டும், சத்தமாக எண்ண வேண்டும், எந்த எண்ணில் மடங்குவது, எந்த எண்ணில் எழுவது என்பது நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டுக்கு ஏற்பச் செய்துகொள்ளலாம் என்பது பழகி முடித்தவர்களுக்குச் சரி, பழகுகிறவர்களுக்கு ஆகாது.

அடுத்தது பேஸின் முதுகு. கீழ் முதுகு வலியோடு வரும் பேஸ்களை ஃப்ளையரைத் தூக்குவதுபோல் நடித்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் இடுப்பில் குனிந்து முதுகால் இழுப்பார்கள். பாதங்கள் தோளகலம், முதுகு நேர், மார்பு நிமிர்ந்து, மடங்குவது முழங்காலும் இடுப்பும் மட்டும். தூக்கும் சக்தி தொடையிலிருந்து வர வேண்டும். கைகள் கடைசியில்தான் வேலை செய்யும். எக்ஸ்டென்ஷனில், அதாவது ஃப்ளையரைத் தலைக்கு மேல் கை நீட்டித் தாங்கும்போது, முழங்கை முழுதாக நீண்டு கை காதோரம் இருந்தால் எலும்பே பாரத்தைத் தாங்கும். பாதி மடங்கிய கை தசையை நம்பி நிற்கிறது, அந்தத் தசை சீக்கிரமே நடுங்கத் தொடங்கிவிடும். பேஸ்கள் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் விலகி நின்றாலும் கெடுதல்தான்: மேலே நிற்பவளின் பாதங்கள் அகன்றுகொண்டே போகும்.

ஃப்ளையர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "உன் எடை பிரச்சினையே இல்லை, நீ தளர்ந்து நிற்பதுதான் பிரச்சினை" என்பேன். தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விழித்துக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தை அதே எடைதான், ஆனால் தூங்குகிறது இரண்டு மடங்கு கனக்கும். தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்கி, எடையைத் தானே மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பவளைத் தாங்குவது சுலபம். பார்வை நேரே ஒரு புள்ளியில் இருக்க வேண்டும். கீழே பார்த்தால் தலை முன்னே போகும், இடுப்பு பின்னே தள்ளும், அதைச் சரிக்கட்டப் பேஸ்கள் ஓடுவார்கள். ஃப்ளையரின் உடல் எடையைக் குறைக்கச் சொல்லும் கோச்சுகளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பேக் ஸ்பாட்டுக்கு வருகிறேன். பேஸுக்கும் ஆகாதவளை, ஃப்ளையருக்கும் ஆகாதவளைப் பின்னால் நிறுத்தும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. தலையையும் கழுத்தையும் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க அந்த இடத்தில்தான். உயரமானவள், பதறாதவள் அங்கே நிற்க வேண்டும். ஃப்ளையர் இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை அவள் கண்ணும் கையும் மேலேயே இருக்க வேண்டும். க்ரேடிலில் அக்குளுக்கடியில் பிடித்துத் தோளையும் தலையையும் உயர்த்தியே வைக்க வேண்டும். ஸ்டண்ட் சரிந்தால் மனிதருக்கு இயல்பாக வருவது ஓரடி விலகுவது. உள்ளே ஓரடி வைக்கப் பழக்கினால்தான் வரும். இதை இடுப்பளவு உயரத்தில், மேட் போட்டு, வேண்டுமென்றே சாயவைத்துப் பழக்கலாம். இடுப்பளவில் பத்து தடவை சுத்தமாகப் பிடிக்காத குழு தோளுக்கு ஏன் போகிறது?

தரையைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சியர்லீடிங் நடக்கும் பல தரைகளைச் சோதித்தது. எவ்வளவு உயரத்திலிருந்து தலை மோதினால் உயிருக்கு ஆபத்தான காயம் நேரலாம் என்பது கேள்வி. அடியில் ஸ்ப்ரிங் வைத்த ஸ்ப்ரிங் ஃப்ளோரில் 11 அடி வரை தாங்கியது. கான்கிரீட்டில் அரை அடி. எக்ஸ்டென்ஷனில் நிற்பவளின் தலை பத்தடிக்கு மேலே இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரமிட் போன்ற ஸ்டண்டுகளை ஸ்ப்ரிங் அல்லது ஃபோம் தரையிலோ புல்லிலோ மட்டும் செய்யச் சொல்கிறது; கான்கிரீட், தார், வினைல் தரை, ஈரமான இடம், மேடுபள்ளம் வேண்டாம் என்கிறது. நிகழ்ச்சி நாளில் மேட் வரவில்லை என்றால் அன்றைக்குத் தரையோடு ஆடும் ஆட்டம் மட்டும்தான்.

தலையில் அடி என்ற சந்தேகம் இருந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், மந்தம், எரிச்சல் எல்லாம் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் மரத்துப்போதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. விழுந்தவள் கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். கன்கஷனுக்கு முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். ஸ்டண்ட் கடைசிப் படி, அதுவும் டாக்டரின் எழுத்து கையில் வந்த பிறகு.

அந்தப் பெண் மூன்றாவது வாரம் வந்தபோது மாதங்களைத் தடுமாறாமல் சொன்னாள். கிளம்பும்போது கதவருகில் நின்று, "அன்னிக்கு மேல அனுப்பும்போதே தப்புன்னு தெரிஞ்சுது மேம். இறக்குங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு. எல்லாரும் என்னால கெட்டுப்போச்சுன்னு சொல்வாங்கன்னு சொல்லல" என்றாள். அதுவும் அன்றைய ப்ராக்டிஸின் கடைசி ஸ்டண்டாம், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏற்றியது.

அவள் கோச்சுடன் போனில் பேசினேன். நல்ல மனுஷி, கேட்டுக்கொண்டார். இப்போது அந்தக் குழு ஒவ்வொரு ப்ராக்டிஸையும் பாதியில் நிறுத்தும் ஒரு ஸ்டண்டோடுதான் தொடங்குகிறது. நால்வரில் யாராவது ஒருவர் "இறக்கு" என்று கத்த வேண்டும், தினம் ஒரு ஆள். காரணம் கேட்கக்கூடாது, சொன்னதும் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். முதல் வாரம் சிரித்துக்கொண்டே கத்தினார்களாம். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், முறை இல்லாத ஒரு பேஸ், நடு ஆட்டத்தில் நிஜமாகவே கத்தியிருக்கிறாள். அவள் மணிக்கட்டு பிசகத் தொடங்கியிருந்தது.