குளிர் வேறு, மப்பு வேறு

திருச்சியில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஒருநாள் போன் செய்தான். மகன் மேற்படிப்புக்கு வின்னிபெக் போகிறான், மகள் மருத்துவம் படிக்க மாஸ்கோ போகிறாள், இரண்டு பயணமும் ஒரே மாதத்தில். "நீ ரெண்டு ஊர்லயும் இருந்தவன். ரஷ்யா குளிரா, கனடா குளிரா? யாருக்குக் கனமான ஜாக்கெட் வாங்கணும்?" என்று கேட்டான்.

"ஜாக்கெட் பையனுக்கு. கவலை பொண்ணுக்கு" என்றேன்.

குழம்பிப்போனான். ரஷ்யா என்றாலே உறைபனி, நெப்போலியன் படை, சைபீரியா என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. கனடாவுக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிட மெல்லிய ஜாக்கெட் போதும் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாஸ்கோவில் ஆறு வருடம் படித்து முடித்து, பின்னால் கனடா வந்து, வின்னிபெக்கில் முதல் ஜனவரியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த நினைப்பு போனது. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தும் அனுபவம் மாஸ்கோவில் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்தது.

வின்னிபெக்கின் ஜனவரிச் சராசரி மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும். மாஸ்கோவுக்கு மைனஸ் 6, 7. இத்தனைக்கும் மாஸ்கோ 56ஆவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, வின்னிபெக் 50இல். வடக்கே இருக்கும் ஊர் எப்படி வெப்பம் கூடியதாக இருக்கிறது? மாஸ்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் வரை பெரிய மலைத்தடுப்பு கிடையாது. கடலின் வெதுவெதுப்பைச் சுமந்துகொண்டு மேற்குக் காற்று ஐரோப்பாவைத் தாண்டி வந்துவிடுகிறது. வின்னிபெக்குக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர் பசிபிக் காற்றை மறிக்கிறது. வடக்கே வெறும் சமவெளி. ஆர்க்டிக் காற்று கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறது.

உச்சக்குளிர் போட்டி என்று வைத்தால் ரஷ்யாதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. யூக்கானில் உள்ள ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரியில் பதிவான மைனஸ் 63 கனடாவின் சாதனை. சைபீரியாவின் வெர்கயான்ஸ்க் 1892இலும் ஓய்மியாகோன் 1933இலும் மைனஸ் 68ஐத் தொட்டுவிட்டு வந்தன. அதைவிட முக்கியமான வித்தியாசம், அப்படிப்பட்ட குளிரில் ரஷ்யர்கள் ஒரு நகரமே நடத்துகிறார்கள். யாகூட்ஸ்கில் ஜனவரிச் சராசரி மைனஸ் 37 அளவில், மக்கள் மூன்று லட்சத்துக்கு மேல். கனடாவில் மூன்றில் இரண்டு பேர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். வடக்கை வரைபடத்தில் வைத்துக்கொண்டு தெற்கில் குடியிருக்கும் நாடு இது.

சரி, குளிர் இத்தோடு போதும். டாக்டராக என்னைக் கவலைப்படுத்துவது வானத்தின் நிறம்.

நம் ஊரில் மழைக்கு முன்னால் "மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்போம். மப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது தெரியும். ரஷ்யக் குளிர்காலத்தில் இரண்டு மப்பும் கைகோத்துத்தான் வரும், அதற்கு அப்புறம் வருகிறேன். மாஸ்கோவில் நவம்பர், டிசம்பர் முழுக்க முதல் வகை மப்புதான். வானொலியில் தினமும் ஒரே வார்த்தை, 'பாஸ்முர்னா'. மந்தாரம் என்று அர்த்தம். ரஷ்ய மொழியில் நான் பாடம் பண்ணாமலே கற்றுக்கொண்ட முதல் சொற்களில் அது ஒன்று.

டிசம்பர் மாதம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மாஸ்கோவில் சூரியன் தெரியும் நேரம் சராசரியாக 20 மணியைக்கூடத் தொடாது. வின்னிபெக்கில் அதே மாதம் சுமார் 100 மணி நேரம். 2017 டிசம்பரில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் வானிலை ஆய்வகம் அளந்தது மாதம் முழுவதற்கும் சேர்த்து ஆறேழு நிமிடம்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடுங்குளிரும் இருட்டும் பெரும்பாலும் ஒன்றாக வருவதில்லை. கடுங்குளிர் என்பது ஆர்க்டிக்கிலிருந்து வரும் கனமான, வறண்ட காற்று. அது மேலிருந்து கீழே அமுங்கும்போது மேகம் கலைந்துவிடும், வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். மிதமான ஈரக்காற்று குளிர்ந்த தரைமேல் வந்தால் தாழ்ந்த சாம்பல் மேகம் பாத்திரத்தில் மூடி போட்டதுபோல் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வின்னிபெக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமான ஊர். மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் அதைவிடக் குளிர் குறைந்த, ஆனால் இருண்ட ஊர்கள். கனடாவிலேயே வான்கூவரைப் பாருங்கள். பனி அதிகம் இல்லை, ஜாக்கெட்கூட லேசானது போதும். டிசம்பர் வெயிலோ 60 மணி நேரத்தை ஒட்டித்தான், மீதி மழை. நான் இப்போது இருக்கும் டொரன்டோ நடுவில் நிற்கிறது. பெரிய ஏரிகளின் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு வருவதால் நவம்பரும் டிசம்பரும் சாம்பல்தான்.

இன்னொன்று, பனி விழுந்த பிறகு வெளிச்சம் கூடும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி விழாத நவம்பர் மாஸ்கோ, கறுத்த ஈரத்தெரு, இலை உதிர்ந்த மரம், மாலை நாலரைக்கு இருட்டு... என் ஆறு வருடத்தில் ஒவ்வொரு வருடமும் எனக்குப் பிடிக்காத மாதம் அதுதான். ஜனவரியைத் தாங்கிவிடலாம்.

குளிருக்கு மனிதர்கள் தயாராகிறார்கள் என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. யாகூட்ஸ்கில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. குளிர் கூடினால் மாரடைப்பும் மூச்சுநோயும் கூடி மரணங்கள் ஏறும் என்பது ஐரோப்பாவில் பல இடங்களில் கண்டது. உலகின் மிகக் குளிரான நகரங்களில் ஒன்றான யாகூட்ஸ்கிலோ குளிர் ஏற ஏற மரணங்கள் ஏறவே இல்லை. காரணம் எளிது. வீட்டுக்குள் 19 டிகிரி அளவுக்குச் சூடு, வெளியே போனால் அடுக்கடுக்காக உடுப்பு, ரோமத்தோல் கோட்டு. மைனஸ் 20க்குக் கீழே போகப்போக வெளியே வருவோர் எண்ணிக்கையும் குறைந்தது. குளிரைக் கண்ணால் பார்க்கலாம், தோலில் உணரலாம், அதனால் மதிக்கிறோம். இருட்டை யாரும் மதிப்பதில்லை. நண்பன்கூட ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் என்று நாலு கேள்வி கேட்டான், வெளிச்சத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

என் கிளினிக்குக்கு வருபவர்களில் ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுக்காரர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வேர்ஹவுஸ் வேலை. காலை ஆறுக்கு இருட்டில் கிளம்புவார். உள்ளே ஜன்னலே கிடையாது. ஐந்து மணிக்குத் திரும்பும்போது சூரியன் போய் ஒளிந்திருக்கும். மனைவிதான் கூட்டிவந்தார். "டொக்டர், இவருக்கு ஒரே பஞ்சி. லீவு நாளிலயும் பத்து மணித்தியாலம் படுக்கிறார். சோறும் பாணுமா சாப்பிடுறார். ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல." பஞ்சி என்றால் சோம்பல், பாண் என்றால் பிரெட். தஞ்சாவூர்க்காரனான நான் ஈழத்து நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட சொற்கள்.

"போன வருஷம் எப்படி இருந்தார்?" என்று கேட்டேன். மனைவி யோசித்துவிட்டு, "போன வருஷமும் நத்தாருக்கு முன்னம் இப்பிடித்தான். பிறகு ஏப்ரல்ல சரியாயிட்டார்" என்றார். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். அதற்கு முந்தைய வருடமும் அதே கதைதான்.

அது பஞ்சி இல்லை. பருவகால மனச்சோர்வு. 1984இல் அமெரிக்க மனநல ஆய்வாளர் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். ரோசென்தால் வெயில் ஊரான தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், வடக்கின் குளிர்காலத்தில் தன்னிடமே மாற்றத்தைக் கண்டவர் என்பது எனக்குப் பிடித்த விவரம். வெயிலில் வளர்ந்தவனுக்குத்தான் அது இல்லாதது உறைக்கிறது. கனடாவில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது முழு நோயாகவே வருகிறது. இன்னும் பதினைந்து பேர் அளவுக்கு லேசாக.

நம்மவர்கள் இதைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மனச்சோர்வு என்றால் தூக்கம் வராது, சாப்பிட மாட்டார், அழுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். குளிர்கால வகையில் பெரும்பாலும் தலைகீழ். தூக்கம் கூடும், மாவுப் பண்டம் மேல் ஆசை வரும், எடை ஏறும், கைகால் ஈயம்போல் கனக்கும். வீட்டார் பார்வையில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவருக்கு என்ன நோய்?

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் தினமும் சரிசெய்வது காலை ஒளி. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் உள்ளன, அவை அந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அளவைப் பாருங்கள். நல்ல வெளிச்சமான அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ். மேகமூட்டமான பகலில் வெளியே நின்றால் ஆயிரக்கணக்கில். கோடை வெயிலில் ஒரு லட்சம். அறைக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் கண்ணுக்கு அது அந்திதான்.

ரஷ்யர்கள் இதைச் சட்டத்தின் மூலமே அனுபவித்துப் பார்த்தார்கள். 2011இல் கடிகாரத்தை நிரந்தரமாகக் கோடை நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். மாஸ்கோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கக் காலை பத்து மணி ஆகிவிட்டது. பிள்ளைகள் நடுஇரவு போன்ற இருட்டில் பள்ளிக்குப் போனார்கள். மக்கள் முணுமுணுத்து முணுமுணுத்து, 2014 அக்டோபரில் கடிகாரத்தைக் குளிர்கால நேரத்துக்கே திருப்பினார்கள். மாலை வெளிச்சம் போனாலும் பரவாயில்லை, காலை வெளிச்சம் வேண்டும். டாக்டராக என் ஓட்டும் அதற்குத்தான்.

சோவியத் காலத்து சுகாதார நூல்களில் 'ஒளிப்பட்டினி' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. முர்மான்ஸ்க், நோரில்ஸ்க் மாதிரி வாரக்கணக்கில் சூரியனே உதிக்காத ஊர்களில் பிள்ளைகளைக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, புற ஊதா விளக்கைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்தார்கள். அது எலும்புக்காக, வைட்டமின் டி-க்காக. மனதுக்கான வெளிச்சமோ கண் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வடக்கு அட்சரேகைகளில் குளிர்கால வெயில் தோலில் பட்டாலும் வைட்டமின் டி உண்டாகாது. பாஸ்டன் இருக்கும் அட்சரேகையிலேயே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை இந்த நிலை என்று 1988இலேயே காட்டிவிட்டார்கள். நம் தோல் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் தேவை. மாத்திரை எடுப்பது நல்லது, அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் அந்த மாத்திரையை நம்பி மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்காமல் இருக்காதீர்கள்.

வேர்ஹவுஸ் நண்பருக்கு முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினேன். தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12. களைப்பையெல்லாம் வானத்தின் தலையில் கட்டக்கூடாது. எல்லாம் சரியாக இருந்த பிறகு ஒளிப்பெட்டி என்ற பிரகாசமான விளக்கைச் சொன்னேன். 10,000 லக்ஸ், புற ஊதாவை வடிகட்டியது, எழுந்தவுடன் அரை மணி நேரம், முகத்துக்கு ஒன்றிரண்டு அடி தூரத்தில். அதை முறைத்துப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடலாம். இது மாயமந்திரமில்லை. 2006இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் 96 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒளி, மறு பிரிவுக்கு ஃப்ளூவாக்ஸடின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குணம் தெரிந்தது.

நீங்களாகக் கடையில் வாங்கிவைத்துத் தொடங்குவதற்கு முன் சில எச்சரிக்கை. விழித்திரை நோய் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் பாதித்தவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இருமுனை நோயில் ஒளி மனநிலையைச் சோர்விலிருந்து மிகை உற்சாகத்துக்கு எகிறவைத்துவிடலாம். மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் போகும். அழகு நிலையத்தில் தோலைக் கறுக்கவைக்கும் படுக்கை வேறு பொருள், அது தோல் புற்றுநோய்க்கு வழி.

இனி அந்த இரண்டாவது மப்பு. குடித்தால் சூடு வருவதாகத் தோன்றுவது, தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால். உள்ளுறுப்பின் சூடு வெளியேறுகிறது என்பதுதான் நிஜம். இருட்டுக் காலத்தில் குடி மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள் குளிருக்கும் இருட்டுக்கும் மருந்தாக ஓட்காவைப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வசந்தம் வந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவதும் ஆபத்து. தற்கொலைகள் நடுக்குளிர்காலத்தில் கூடும் என்று நினைக்கிறோம். பல நாடுகளில் அவை கூடுவது வசந்தத்தில். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாதத்தைப் பார்க்காதீர்கள். கனடாவில் 9-8-8ஐ எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இந்தியாவில் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வேர்ஹவுஸ்காரர் இப்போது மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போய்ப் பத்து நிமிடம் நடக்கிறாராம். கூட வேலை செய்பவர்கள் பைத்தியம் என்கிறார்களாம்.

நண்பனின் மகளுக்கு மாஸ்கோ ஹாஸ்டலில் முதலில் கிடைத்தது கதவோரக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தேன், வாங்கிவிட்டாள். நவம்பரில் ஒரு செய்தி அனுப்பினாள். "அங்கிள், ஜன்னல் பக்கம் ரொம்பக் குளிருது. மறுபடி கதவுப் பக்கமே போயிடட்டுமா?"

"இன்னொரு கம்பளி வாங்கிக்கோ. இடத்தை விடாதே" என்று பதில் போட்டேன்.