அமெரிக்கக் கம்பெனிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கலிஃபோர்னியாவில் வரிக்கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்தான். அதில் ஒருவர் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். போன வருடம் பெரிய கிரைண்டர் வாங்க வங்கியில் கடன் கேட்டார். "உங்கள் எல்எல்சி சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்எல்சி என்பது உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைத்த ஒரு கம்பெனி வகை; சஸ்பெண்ட் என்றால் அதன் பதிவை முடக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வரி பாக்கி ஒரு டாலர் கிடையாது. "அதுக்குன்னு பணம் கட்டினேனே அண்ணே" என்று சொல்லி ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

மேலே கழுகுப் படம், ஓரத்தில் பார்கோடு. அவருடைய எல்எல்சியின் பதிவு எண், தொடங்கிய தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. நடுவில் கட்டம் கட்டி, இன்ன தேதிக்குள் பதில் அனுப்பவும் என்று ஒரு வரி. பார்த்தால் நானே பயந்திருப்பேன். கிட்டத்தட்ட 200 டாலருக்குச் செக் எழுதிப் போட்டுவிட்டார். இது அரசு அனுப்பிய கடிதம் அல்ல என்ற வாசகம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடியை மாட்டிய பிறகுதான் என் கண்ணிலேயே பட்டது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்து கொடுத்தது ‘ஆண்டுக் கூட்ட மினிட்ஸ்’, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. கலிஃபோர்னியாவில் எல்எல்சிக்கு அது கட்டாயமே இல்லை. அவர் செய்திருக்க வேண்டியது வேறு: ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்ற சின்னப் படிவத்தை 2 வருடத்துக்கு ஒருமுறை, 20 டாலர் கட்டி, மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் தாக்கல் செய்வது. 15 நிமிட வேலை. அதைச் செய்யாததால்தான் சஸ்பெண்ட்.

செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்றதும் பலருக்கு வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் வேறு. மாநிலத்துக்கு ஒருவராக இருக்கும் இவரை மாநிலச் செயலர் என்று வைத்துக்கொள்வோம். அலாஸ்கா, ஹவாய், யூட்டா ஆகிய 3 மாநிலங்களில் மட்டும் இந்தப் பதவி கிடையாது. அங்கே இவருடைய வேலைகளில் சிலவற்றை லெப்டினன்ட் கவர்னர், அதாவது துணை ஆளுநர், பார்க்கிறார். கலிஃபோர்னியா, ஜார்ஜியா போன்ற இடங்களில் இவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சாஸில் ஆளுநர் நியமிக்கிறார்.

நம் ஊர்ச் சார்பதிவாளரை நினைத்துக்கொண்டால் இவருடைய வேலை சட்டென்று புரிந்துவிடும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக நிலம் விற்றவருடையதுதான் என்று யாராவது நம்புவோமா? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், மூலப்பத்திரம் கேட்கிறோம். மாநிலச் செயலரும் அப்படித்தான். படிவம் ஒழுங்காக இருந்து கட்டணமும் கட்டியிருந்தால் வாங்கிப் பதிவு செய்துகொள்வார். உள்ளே எழுதியிருப்பது நிஜமா என்று கிளம்பிவந்து விசாரிக்க மாட்டார். உங்கள் எல்எல்சியில் மேனேஜர் மாறிவிட்டதாக யாரோ ஒரு பொய்ப் படிவம் போட்டால் அதுவும் ஏறிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஏற்றி, அந்தக் கம்பெனியின் பெயரில் கடன் வாங்கிவிட்டு மறைகிற மோசடி இங்கே புதிதில்லை.

அந்தப் போலிக் கடிதக்காரர்களுக்கு விவரமெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? இதே பதிவேட்டிலிருந்துதான். பெயர், முகவரி, பதிவு எண் எல்லாமே பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அதே தேடலை நீங்களும் செய்யலாம். கலிஃபோர்னியாவில் பிஸ்ஃபைல் என்ற அரசுத் தளத்தில் கம்பெனி பெயரை அடித்தால் ‘ஆக்டிவ்’ என்றோ ‘சஸ்பெண்டட்’ என்றோ வந்துவிடும். மாவுக்காரர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீடு மாறியபோது முகவரியையும் மாற்றவில்லை. அரசு அனுப்பிய எச்சரிக்கை பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது; போலிக் கடிதம் மட்டும் எப்படியோ புது வீட்டைத் தேடி வந்திருக்கிறது. அவர்கள் அரசைவிடச் சுறுசுறுப்பு, வேறென்ன சொல்வது!

சஸ்பெண்ட் என்பதைச் சும்மா ஒரு முத்திரை என்று நினைக்க வேண்டாம். அந்த நிலையில் கம்பெனி மீது வழக்கு வந்தால் கோர்ட்டில் எதிர்வாதம் செய்யக்கூட உரிமை இருக்காது. கம்பெனிப் பெயரையும் வேறொருவர் எடுத்துக்கொள்ள வழி உண்டு.

டெலவேர் மாநிலத்தின் கதை வேறு மாதிரி. அங்கே ஸ்டார்ட்அப் தொடங்கும் நம் பிள்ளைகள் ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கி வைப்பது வழக்கம். முதல் வருட பிராஞ்சைஸ் வரி (அங்கே பதிவான கம்பெனி வருடாவருடம் கட்டும் வரி) நோட்டீஸில் 85,165 டாலர் என்று வரும். ஒரு பையன் இரவு 11 மணிக்கு எனக்குப் போன் போட்டு, கம்பெனியை மூடிவிடலாமா என்றே கேட்டுவிட்டான். அது போலி அல்ல, அசல் நோட்டீஸ்தான். பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இன்னொரு முறையையும் சட்டமே தருகிறது. கையில் பெரிய சொத்தில்லாத புதுக் கம்பெனிக்கு அந்த முறையில் பெரும்பாலும் 400 டாலரோடு முடிந்துவிடும், கூடவே ஆண்டறிக்கைக்கு 50. அந்த முறையில் கணக்கிட்டு மார்ச் 1-க்குள் தாக்கல் செய்வது நம் பொறுப்பு.

ஊரில் நிலம் விற்கப் பவர் எழுதி அனுப்பியவர்களுக்கு இந்த அலுவலகம் இன்னொரு வகையில் பழக்கமாகியிருக்கும். இங்கே நோட்டரி கையெழுத்து வாங்கிய பவர் பத்திரத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று) ஒட்டித் தருவதும் பெரும்பாலும் மாநிலச் செயலர்தான். அப்போஸ்டில் வந்துவிட்டால் பத்திரமே செல்லுபடி என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சான்று சொல்வது நோட்டரியின் கையெழுத்துக்கு மட்டும்தான். உள்ளே சர்வே நம்பரைத் தப்பாக எழுதியிருந்தாலும் அழகாக ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

தேர்தலுக்கு வருவோம். வாக்கை எண்ணுவது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அதிகாரிகள். மாநிலம் முழுவதற்கும் வாக்காளர் பட்டியலைப் பராமரிப்பது, கவுண்டிகள் அனுப்பும் கணக்கைத் தொகுத்துச் சான்றளிப்பது போன்றவைதான் மாநிலச் செயலரின் பங்கு. இங்கும் பதிவாளர் வேலைதான். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். 2020 அதிபர் தேர்தலில் பைடன் அங்கே ஜெயித்த வித்தியாசம் 11,779. சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணியும் பார்த்தாகிவிட்டிருந்தது. வந்த கணக்கில் தானாக ஒன்றைக் கூட்ட ராஃபன்ஸ்பெர்கருக்கு அதிகாரம் கிடையாது, கூட்டவும் இல்லை. எல்எல்சி படிவத்தில் நமக்கு எரிச்சலூட்டும் அதே ‘வந்ததைப் பதிவு செய்வேன்’ குணம் அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் இந்த அமைப்பில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. 2018-இல் அதே ஜார்ஜியாவில் மாநிலச் செயலராக இருந்த பிரையன் கெம்ப் பதவியில் இருந்தபடியே ஆளுநர் தேர்தலில் போட்டியிட்டார். தேர்தல் ஆணையம் என்று தனியாக ஒன்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது செரிப்பது கஷ்டம்.

கிரீன் கார்டிலோ எச்1பி விசாவிலோ இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்பார்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிடாதீர்கள். குடியுரிமை உள்ளவரா என்ற கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்தாலும் பட்டியலில் பெயர் ஏறிவிடலாம். 2018-இல் கலிஃபோர்னியாவில் டிஎம்வி (ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம்) தரப்புப் பிழையாலேயே தகுதியில்லாத சுமார் 1,500 பேர் பதிவாகியிருந்தார்கள். பிறகு குடியுரிமைக்கு என்-400 என்ற விண்ணப்பம் போடும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்ற கேள்வி வரும். குடியுரிமை உண்டு என்று பொய்யாகச் சொன்னதாகக் கருதிவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்கும் போகலாம். பெயர் ஏறிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் மாநிலத் தளத்தில் பாருங்கள். இருந்தால், எதையும் எழுதி அனுப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். என்னிடம் வராதீர்கள், நான் கணக்கு மட்டும்தான்.

மாவுக்காரருக்கு 20 டாலர் படிவத்தோடு 250 டாலர் அபராதமும் சேர்ந்தது. முகவரியை மாற்றினோம், எல்எல்சி மீண்டும் ‘ஆக்டிவ்’ ஆனது. நல்லவேளை, பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. கிரைண்டரும் வந்துவிட்டது. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே கழுகு, அதே பார்கோடு. கீழே இருந்த பொடி எழுத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.