மாநகராட்சி மைதானம் நஷ்டத்தில் ஓடுகிறதா? கணக்கைப் பார்க்கும் விதம்

2024 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விட்டு, விளையாட வருபவரிடம் மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்குவது என்று முடிவானது. எதிர்ப்பு கிளம்பியதும் மாநகராட்சியே அதைக் கைவிட்டது. ஆனாலும் “பராமரிக்கப் பணம் இல்லை” என்ற பேச்சு நாளை உங்கள் ஊர் மைதானத்துக்கும் வரலாம். அப்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் கட்டணத்தை மாதக் கணக்காக்கிப் பாருங்கள். மாதம் 20 நாள், தினம் ஒரு மணி நேரம் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு 2,400 ரூபாய் ஆகிறது. அண்ணன் தம்பி இருவர் என்றால் 4,800. வடசென்னையில் எத்தனை வீடுகளால் அதைக் கட்ட முடியும்? கட்டியவர் பணம் வரவில் ஏறும். கட்ட முடியாமல் வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வரவை மட்டும் பார்ப்பதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான்.

அரசியலமைப்பின் 12-வது அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளைச் சொல்கிறது. பூங்காவும் விளையாட்டு மைதானமும் அதில் இருக்கின்றன. தெருவிளக்கும் அதே பட்டியலில்தான். தெருவிளக்கு லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நிலத்தையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். உங்கள் ஊர் மைதானம் அப்படி வந்த இடம் என்றால், அதன் விலையை மனை வாங்கியவர்கள் ஏற்கெனவே தங்கள் மனை விலையில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, செலவு பொய்யா? இல்லை. காவலாளி சம்பளம், மின்கட்டணம், தண்ணீர், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் மாதாமாதம் வரும். செயற்கைப் புல் தேய்ந்தால் விரிப்பையே மாற்ற வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்காமல் விடுவதால்தான் பல மைதானங்கள் திறப்பு விழாவுக்குப் பிறகு பாழாகின்றன. ஆகவே மொத்தச் செலவைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஆண்டுச் செலவு 6 லட்சம், தினம் 100 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஒரு முறை வந்து போக ஆகும் செலவு சுமார் 16 ரூபாய். என் பார்வையில் இது மிகமிக மலிவு. அதே இடத்துக்குப் பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால் 164 ரூபாய் ஆகிவிடும். அங்கே பூட்டு எப்போது திறக்கிறது, விளக்கு எரிகிறதா, பெண்கள் உள்ளே வர முடிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கட்டணம் போட்டால் அந்தப் பத்தும் குறையும்.

எண்ணும்போது காலை, மாலை, ஞாயிறு மூன்றையும் எண்ணுங்கள். சிறுவர், பெண்கள், முதியோர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

எல்லாக் கட்டணமும் தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பெனிப் போட்டிக்கும் படப்பிடிப்புக்கும் நன்றாகவே வாங்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் மாலை நேரத்தை மட்டும் விற்கக் கூடாது.

கணக்கு கையில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள்; வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மூன்று ஆண்டு பராமரிப்புச் செலவு, வசூல், ஒப்பந்த நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தனியாருக்கு விட்டிருந்தால், இலவச நேரம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த தாள்களோடு நகரத்தில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக்கும், கிராமத்தில் கிராம சபைக்கும் போய்ப் பேசுங்கள்.