செல், உயிரணு, கலம்: எது சரியான தமிழ்?

எங்க திருநெல்வேலி பக்கம் "செல்லு"ன்னா பெரியவங்களுக்கு மொதல்ல ஞாபகம் வாரது கறையான்தான், கதவு நிலை செல்லரிச்சுப் போச்சுன்னு சொல்லுவாங்கல்லா அது. அப்புறம் டார்ச் லைட்டுக்குப் போடுத செல்லு, இப்ப எல்லார் கையிலயும் இருக்க செல்லு. ஆறாங்கிளாஸ் பிள்ளை அறிவியல் புக்கைத் திறந்து உயிரோட அடிப்படை அலகு செல்னு படிக்கும்போது இத்தனையும் ஏற்கனவே அது மண்டைக்குள்ள கிடக்கு. இதுல கறையான் செல்லு மட்டும்தான் தமிழ். மத்த மூணுக்கும் வேர் ஒண்ணுதான், செல்லாங்கிற லத்தீன் சொல், சின்ன அறைன்னு அர்த்தம். டவர் வச்சு ஊரைச் சின்னச் சின்ன பகுதியா பிரிச்சதாலதான் செல்போனுக்கும் அந்தப் பேரு.

உயிரியலுக்குள்ள இதைக் கொண்டுவந்தது ராபர்ட் ஹூக்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி. பாட்டில் மூடிக்குப் போடுத தக்கையை பேனாக்கத்தியால மெல்லிசா சீவி, தானே சரிபண்ணிக்கிட்ட நுண்ணோக்கில வச்சுப் பாத்தா தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருந்துச்சு, 1665ல வந்த மைக்ரோகிராஃபியாங்கிற தன்னோட புத்தகத்துல அதை வரைஞ்சு போட்டு செல்னு பேர் வச்சார். ஒரு கன அங்குல தக்கையில இந்தக் கட்டம் 120 கோடிக்கு மேல இருக்கும்னு கணக்கும் போட்டார்.

ஆனா தக்கைங்கிறது செத்துப்போன மரப்பட்டை. உள்ள இருந்ததெல்லாம் போயி சுவரும் காத்தும்தான் மிச்சம், அதைப் பாத்துதான் அறைன்னு பேரு வந்துச்சு. உள்ள இருக்கதைத் தெரிஞ்சிக்க ரொம்ப காலம் ஆச்சு: 1670கள்ல லீவன்ஹூக் தண்ணிக்குள்ள உயிரோட நீந்துத ஒரு செல் உயிரிகளைப் பாத்தார், ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியில செல்லோட வேலையை நடத்துத உட்கருவைக் கவனிச்சு அதுக்குப் பேர் வச்சது 1831ல, அப்புறம் 1838ல ஷ்லைடன் செடிக்கும் 1839ல ஷ்வான் விலங்குக்கும் எல்லாமே செல்லாலதான் ஆனதுன்னு சொன்னாங்க. பேரு மட்டும் காலி அறையாவே நின்னுட்டு.

சரி, தமிழ்ல என்ன சொல்லணும்? பத்திரிகையில எல்லாம் உயிரணுன்னு எழுதுதாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இது பிடிக்கல, ஏன்னா அணுன்னா பிள்ளைங்களுக்கு வேதியியல்ல வர்ற அணு, ஒரு செல்லுக்குள்ள அப்படிப்பட்ட அணு கோடானகோடி இருக்கு, ரெண்டையும் ஒரே அளவுன்னு நினைச்சுக் குழம்பிப் போகுதுங்க. போதாக்குறைக்கு விளம்பரத்துல விந்தணுவையும் உயிரணுன்னுதான் போடுதாங்க. கண்ணறைன்னு ஒரு சொல்லும் உண்டு, வலைக்கண்ணுன்னு சொல்லுதோம்லா அந்தக் கண்ணு, ஹூக் பாத்ததுக்கு அச்சு அசலா பொருந்தும், ஆனா அதுவும் காலி இடத்தைத்தான் சொல்லுது.

இலங்கைப் பாடப்புத்தகத்துல கலம்னு எழுதுதாங்க. என்னைக் கேட்டா இதுதான் சொல். கலம்னா பாத்திரம், ஒண்ணை உள்ள வச்சுக் காக்குறது. உயிருள்ள செல்லோட வேலையும் அதானே, சவ்வுக்குள்ள கூழ் மாதிரி சைட்டோபிளாசம், அதுக்குள்ள உட்கரு, சக்தி குடுக்குத மைட்டோகாண்ட்ரியா.

இதை வாயால சொல்லுததை விட பாளையங்கோட்டை மார்க்கெட்டுல ஒரு பல்லாரி, அதான் பெரிய வெங்காயம், வாங்கிட்டு வந்து காட்டிடலாம். பல்லாரியை நாலா வெட்டி ஒரு இதழை எடுத்து, அதோட குழிஞ்ச உள்பக்கத்துல நகத்தால லேசா கிள்ளி இழுத்தா கண்ணாடித்தாள் கணக்கா ஒரு தோல் வரும். அதைச் சுருங்காம ஸ்லைடுல தண்ணிச்சொட்டுல விரிச்சு, ஒரு சொட்டு சாஃப்ரனின்ங்கிற சிவப்புச் சாயம் விட்டு, மேல மூடுத கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பை ஒரு ஓரத்துல சாய்ச்சு ஊசியால மெதுவா இறக்கணும். படக்குன்னு போட்டா காத்துக்குமிழ் நிக்கும், கருப்பா தடிச்ச விளிம்போட வட்டமா இருக்க அந்தக் குமிழைத்தான் முக்காவாசிப் பிள்ளைங்க செல்லுன்னு நோட்டுல வரையுதுங்க. எப்பவும் சின்ன லென்ஸ்ல ஆரம்பிக்கணும், 40 எக்ஸ் லென்ஸுக்குப் போனப்புறம் பெரிய திருகைத் தொடவே கூடாது, லென்ஸ் இறங்கி ஸ்லைடை நொறுக்கிடும், சின்ன திருகுதான். கண் லென்ஸ் 10ன்னா மொத்தம் 400 மடங்கு. இப்ப பாருங்க, செங்கல் வச்ச கணக்கா வரிசையா சுவரு, ஒவ்வொண்ணுலயும் ஓரமா ஒதுங்குன மாதிரி சிவந்த ஒரு பொட்டு. அதான் உட்கரு. நடுவுல வாக்குவோல்ங்கிற நீர்ப்பை இடத்தை அடைச்சுக்கிட்டு அதை ஓரத்துக்குத் தள்ளியிருக்கு. ஹூக்கோட தக்கையில இந்தப் பொட்டு கிடையாது. பச்சையம் எங்க சார்னு கேப்பாங்க, மண்ணுக்குள்ள விளையுத பல்லாரியில பச்சையத்தை வச்சிருக்க பசுங்கணிகம் இருக்காது, அதுக்கு ஹைட்ரில்லாங்கிற தண்ணிச்செடி இலைதான் பாக்கணும்.

மைக்ராஸ்கோப்புங்கிற பேரு கருவியை விடப் பிந்துனது, 1625ல ஜியோவான்னி ஃபேபர், கலிலியோ செஞ்ச கருவிக்கு வச்சது, சின்னது, பாக்குறதுன்னு ரெண்டு கிரேக்கச் சொல்லு சேந்தது. நம்ம நுண்ணோக்கி அதுக்கு நேர்த்தியான தமிழ், குறையே சொல்ல முடியாது. இலங்கையில நுணுக்குக்காட்டி.

கலத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. கலச்சுவர் சரி, ஆனா கலப்பிரிவுன்னு வரும்போது கலப்புன்னு காதுல விழுது, அந்த இடத்துல செல் பகுப்புதான் தெளிவு. நம்ம பாடநூல் முழுக்க செல்தான் இருக்கு, அதனால பத்தாங்கிளாஸ் பரீட்சையில செல்னே எழுதுங்க. நோட்டுல மட்டும் பக்கத்துல கலம்னு ஒரு தடவை எழுதி வச்சுக்கோங்க, யாழ்ப்பாணத்துப் புக்கு கையில கிடைச்சா தடுமாறாம வாசிக்கலாம்.