‘காணி விட்டாச்சு’ என்றால் எந்த விடுவிப்பு?

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் ஒருவர், பெயின்டிங் வேலைக்குப் போகிறவர், போனை என்னிடம் நீட்டினார். இலங்கையின் வடக்கே பளையிலிருந்து அவருடைய சித்தி அனுப்பிய குரல் பதிவு. “தம்பி, எங்கட காணி விட்டாச்சாம். வந்து பாருங்கோ.” விமானம் இறங்கும் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை போட்டார். “அப்ப போய் விதைக்கலாமோ?” என்றார்.

அவசரப்பட வேண்டாம். இலங்கையின் வடக்கில் காணி என்றால் நிலம். அங்கே காணி விடுவிப்பு என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. ராணுவம் தன் வசம் வைத்திருந்த நிலத்தை உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. கண்ணிவெடி அகற்றி முடித்து, பயன்படுத்தலாம் என்று ஒப்படைப்பது இன்னொன்று. கண்ணிவெடியை அங்கே மிதிவெடி என்பார்கள். முதலாவது நடந்துவிட்டதால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. செய்தித்தாளில் இரண்டுக்கும் ஒரே தலைப்புதான் வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எந்த விடுவிப்பு என்பதை.

வெடி அகற்றுவது அரசு பார்த்துச் செய்யும் உபகாரம் அல்ல, கடமை. ஆள்கொல்லிக் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது. அந்த உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, கண்ணிவெடி இருக்கும் நிலம் முழுவதையும் பத்து வருடத்துக்குள் சுத்தம் செய்யச் சொல்கிறது. கணக்குப் போட்டால் 2028 ஜூன் 1 கெடு. (இந்தியா இந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. அது தனிக் கதை.) வேலையைத் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையம் ஒருங்கிணைக்கிறது. களத்தில் ராணுவப் பிரிவோடு ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. காணிக்காரர் இதற்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் ஊர்க்காரர்களிடம் விசாரிப்பார்கள். மாடு எங்கே செத்தது, எந்தப் பக்கம் காவலரண் இருந்தது, எந்த ஒழுங்கையில் யாரும் போவதில்லை. ஊரைவிட்டு முகாமுக்கு வந்தவர்களின் ஞாபகமும் இதற்கு உதவும். அப்புறம் சந்தேகப்படும் இடத்தை வரைபடத்தில் குறித்து, மண்டையோட்டுப் பலகை நட்டு, வேலையை ஆரம்பிப்பார்கள்.

அந்த வேலையின் வேகம் நம் டெல்டாக்காரர்களுக்குப் புரிய வேண்டுமென்றால் மா கணக்கில்தான் சொல்ல வேண்டும். ஒரு மா நிலம் ஏறக்குறைய 1,340 சதுர மீட்டர். கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை நீண்ட காலம் போர்முனையாக இருந்த இடம், வெடி அடர்ந்து கிடந்த மண். அதுபோன்ற நிலத்தில் ஒருவர் முகமூடி, கவசம் மாட்டி, முழங்காலிட்டு, ஒரு மீட்டர் அகலப் பாதையில் வாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கிறார். உலோகம் மிகக் குறைவாக உள்ள வெடியைக் கருவி காட்டிக்கொடுக்காது என்பதால் கைதான் நம்பிக்கை. நாளுக்கு 10 சதுர மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு மாவுக்கு 134 நாள். அதற்குள் இங்கே குறுவை விதைத்து, அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்திருப்போம்.

வெடி எடுத்து, வேறு குழு சரிபார்த்து, முடிவு அறிக்கை எழுதிய பிறகுதான் ஒப்படைப்பு. அதைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம், கிராம சேவகருக்கும் தெரிந்திருக்கும். நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி அவர். எந்தப் பகுதி வரை முடிந்தது என்று வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ‘எங்கள் தெரு முடிந்தது’ என்பது போதாது. வேலிக்கு அந்தப் பக்கம் முடியாமல் இருக்கலாம்.

சரி, ஒப்படைப்பும் முடிந்துவிட்டது. விதைக்கலாமா? இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இருபது வருடம் மனிதன் கால் வைக்காத நிலத்தில் பற்றைக்காடு ஏறியிருக்கும், வரப்பு இருந்த அடையாளம் இருக்காது, கிணறு தூர்ந்திருக்கும். மேல்மண்ணைக் கிளறிப் போட்டிருப்பார்கள். வயல் விளையாமல் போன வருடங்களுக்கு இழப்பீடு தர உடன்படிக்கையில் வழியில்லை. வெடியில் காயப்பட்டவருக்கான மருத்துவ, மறுவாழ்வு உதவிதான் அதில் இருக்கிறது. நிலம் யார் பெயரில் என்பதும் பார்க்க வேண்டும். உறுதிக்காணியா (பத்திரம் உள்ள சொந்த நிலம்), அரசு அனுமதிப்பத்திரக் காணியா? உர மானியத்துக்குக் கமநல சேவை நிலையத்தில் பதிவு வேண்டும். இங்கே அடங்கல் இல்லாமல் கூட்டுறவில் கடன் வாங்க அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல.

பருவமும் காத்திருக்காது. அங்கே பெரும்பாலும் காலபோகம்தான், நம் சம்பா மாதிரி ஐப்பசி மழையை நம்பியது. ஒப்படைப்பு தை மாதம் வந்தால் அந்தப் போகம் போச்சு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வருடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பைச் சொல்லத் தேவையில்லை.

என் கணிப்பில், வெடி எடுத்த நிலம் நெல்லைவிட முதலில் வேறு எதையோ தருகிறது. சுற்றாமல் குறுக்கே போக ஒரு வழி, விறகு, மாட்டுக்கு மேய்ச்சல், பளைப் பக்கம் என்றால் தேங்காய். இவையெல்லாம் கணக்கில் வராத வருமானம். கணக்கில் வரும் இன்னொரு வருமானம் வெடி அகற்றும் சம்பளம். போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வெடி தீரும் நாளில் அந்த வேலையும் தீரும். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: பற்றைக்குத் தீ வைத்தால் வெடி அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெடிக்காமல் அப்படியே கிடக்கலாம். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.

மறுநாள் சித்தியிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. கிராம சேவகரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “ஆமிதானாம் விட்டது. மிதிவெடிக்காரர் இன்னும் வேலியோரம் நிக்கினம். ரெண்டு தென்னை மட்டும் தெரியுது.”